ஓட்டோவின் ஓட்டமும் பிள்ளை பராமரிப்பு நிலையத்தின் கணக்கும்

(வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பிள்ளை பராமரிப்பு நிலையம் நடத்துகிறவர்களும் நடத்த யோசிக்கிறவர்களும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்களோடு வாகனச் செலவைப் பற்றிக் கதைக்கப்போகிறேன். அந்தச் செலவை எப்படி எழுதிவைப்பது, வருமான வரிக் கணக்கில் அதில் எவ்வளவைக் கழிக்கலாம் என்ற இரண்டும்தான் விசயம். வரி என்ற சொல்லைக் கேட்டதும் "அது கடைக்காரருக்கும் கொன்ராக்டர்மாருக்கும் உரியது, எங்களுக்கு என்ன?" என்று நினைப்பீர்கள். உங்களில் அநேகருக்கு இப்போது வருமான வரி வராது. அப்படியென்றாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஏன் வாகனச் செலவு இவ்வளவு முக்கியம்?

1990 இல் இந்த இடங்களை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோணாப்புலத்திலும் முகாம்களில் நெருக்கமாக இருந்தன. அங்கே ஒரு தாய் வேலைக்குப் போனால் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அதற்குக் காசு இல்லை, தூரமும் இல்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலை 3 இல் விடுபட்டது. அதற்கு முன்னும் பின்னும் மற்றக் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. சனம் சொந்த வளவுக்கு வந்தது. ஆனால் வளவுக்கு வளவு இடைவெளி. ஒரு வீட்டில் ஆள் வந்திருப்பார்கள், அடுத்த நாலு காணி இன்னும் பற்றையாகக் கிடக்கும். பேரப்பிள்ளையைப் பார்த்த அம்மம்மா பழைய இடத்திலேயே நின்றுவிட்டார். தாய் தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறார், அல்லது அச்சுவேலித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார், அல்லது துறையில் மீன் வேலைக்குப் போகிறார். பிள்ளையை யார் பார்ப்பது?

அந்த இடைவெளியில்தான் உங்கள் நிலையங்கள் வருகின்றன. இடைவெளி இருப்பதால்தான் வாகனமும் வேண்டியிருக்கிறது. காலையில் பிள்ளைகளை ஏற்றிவரவேண்டும், பின்னேரம் கொண்டுபோய் விடவேண்டும், சந்தைக்குப் போகவேண்டும், பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். சாப்பாட்டுச் செலவு கண்ணுக்குத் தெரியும். பெற்றோல் செலவு வீட்டுச் செலவோடு கலந்து மறைந்துவிடும். நிலையம் உழைக்கிறதா, அல்லது கணவரின் உழைப்பைச் சத்தமில்லாமல் தின்கிறதா என்று தெரியாமலே ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும்.

ஒரு மாதக் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். இலக்கங்கள் கணக்குப் போட வசதியாக நான் வைத்தவை. உங்கள் இலக்கங்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

தெல்லிப்பழையில் ஒரு அம்மா எட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார். பிள்ளைக்கு மாதம் 7,000 ரூபா. வரவு 56,000 ரூபா. சாப்பாட்டுக்கு 17,000, அரைநாள் உதவிக்கு வருகிறவருக்கு 12,000, சவர்க்காரம், மின்சாரம், விளையாட்டுச் சாமான் என்று 5,000. மொத்தச் செலவு 34,000. மிச்சம் 22,000 ரூபா. "மாதம் 22 ஆயிரம் உழைக்கிறேன்" என்று அவர் நினைக்கிறார்.

வீட்டில் சொந்தப் பாவனைக்கு ஒரு ஓட்டோ நிற்கிறது. எட்டில் ஐந்து பிள்ளைகளை அதில்தான் ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு சுற்று 9 கிலோமீற்றர். காலையும் பின்னேரமும் என்றால் நாளுக்கு 18. மாதத்தில் 22 நாள். ஆக 396 கிலோமீற்றர். நிலையத்துக்குச் சாமான் வாங்கச் சந்தைக்கு எட்டுத் தரம், தரத்துக்கு 8 கிலோமீற்றர், ஆக 64. பிரதேச செயலக அலுவலாக இரண்டு தரம், மொத்தம் 20. எல்லாம் கூட்டினால் 480 கிலோமீற்றர். அந்த மாதம் ஓட்டோ ஓடிய மொத்தத் தூரம் 1,200 கிலோமீற்றர். மிச்சம் 720 கிலோமீற்றர் வீட்டு அலுவல், கோவில், சொந்தக்காரர் வீடு. ஆகவே நிலையத்தின் பங்கு 100 க்கு 40.

இனி ஓட்டோவின் செலவு. லீற்றர் 300 ரூபா என்றும், லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றும் வைத்தால் பெற்றோல் 14,400 ரூபா. ஒயிலும் சேர்விஸும் 1,600. ரயர், பிரேக், சில்லறைத் திருத்தம் மாதச் சராசரி 2,500. காப்புறுதியும் வருடாந்த லைசன்ஸும் புகைப் பரிசோதனையும் வருடத்துக்கு 18,000 என்றால் மாதத்துக்கு 1,500. மொத்தம் 20,000 ரூபா. அதில் 100 க்கு 40 என்றால் 8,000 ரூபா.

22,000 இல் 8,000 போக மிச்சம் 14,000 ரூபா. அந்த அம்மாவின் உண்மையான உழைப்பு அதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 20,000 ஐ 1,200 ஆல் பிரித்தால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 16 ரூபா 67 சதம். பிள்ளைகளை ஏற்றி இறக்க மட்டும் ஓடிய 396 கிலோமீற்றருக்கு 6,600 ரூபா. ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் பிள்ளைக்கு 1,320 ரூபா. ஏற்றி இறக்குகிற பிள்ளையின் தாயும், தானே சைக்கிளில் கொண்டுவந்து விடுகிற தாயும் ஒரே 7,000 ரூபாவைக் கட்டுகிறார்கள். அது இரண்டாவது தாய்க்கு நியாயமில்லை. போக்குவரத்துக் காசைத் தனியாக வாங்குங்கள். கணக்கைக் காட்டிக் கேட்டால் தாய்மாருக்கு விளங்கும்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடத் தொடக்கத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. யூன் முடிவில் 470 ரூபா. ஆறு மாதத்தில் இரண்டரை மடங்கைத் தாண்டியது. அப்படி ஒரு நாள் வந்தால், கிலோமீற்றர் எழுதிவைத்திருக்கிறவர் எவ்வளவு கூட்டிக் கேட்கவேண்டும் என்று அன்றைக்கே சொல்வார். எழுதாதவர் ஒன்றில் நட்டப்படுவார், அல்லது குத்துமதிப்பாகக் கூட்டிப் பிள்ளைகளை இழப்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, தொடங்குவதற்கு மட்டும் பெற்றோலைத் துளித்துளியாக விட்ட ஊர் இது. எரிபொருளை அளந்து பார்ப்பது எங்களுக்குப் புதிது இல்லை. அதைக் கொப்பியில் எழுதுவதுதான் புதிது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும். வரிக்கு உட்பட்டவர்கள் தங்கள் விபரத்திரட்டை அதற்கடுத்த நவம்பர் 30 க்குள் கொடுக்கவேண்டும்.

வருடத்துக்கு ஒருவருக்கு இவ்வளவு வருமானம் வரை வரி இல்லை என்று ஒரு தனிநபர் நிவாரணம் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அது 18 இலட்சம் ரூபா. மாதத்துக்கு 1,50,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 100 க்கு 6 வீதம் வரி. இந்த இலக்கம் அடிக்கடி மாறுகிறது. 2018 இல் 5 இலட்சமாக இருந்தது, 2020 இல் 30 இலட்சமாகியது, 2023 இல் 12 இலட்சத்துக்கு இறங்கியது, இப்போது 18 இலட்சம். ஆகவே ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகும் விசாரியுங்கள். நிவாரணம் ஆளுக்கு ஆள் தனி. கணவரின் வருமானத்தையும் உங்கள் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

செலவு கழிப்பதில் நீங்கள் நினைவில் வைக்கவேண்டியவை இவை:

ஒன்று. வருமானத்தை உழைப்பதற்காக எந்த அளவுக்குச் செலவு செய்தீர்களோ அந்த அளவுக்குத்தான் கழிக்கலாம். நான் சொன்ன உதாரணத்தில் 20,000 ஐயும் கழிக்க முடியாது. 8,000 ஐக் கழிக்கலாம்.

இரண்டு. வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போய்வருவதும் வீட்டுச் செலவுதான். நிலையம் உங்கள் வீட்டிலேயே இருந்தால், பிள்ளைகளை ஏற்றப் போவது தொழிலின் வேலை. அதைக் கழிக்கலாம். ஆனால் வேறு ஊரில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நிலையம் நடத்தினால், நீங்கள் தினமும் அங்கே போய்வருகிற தூரம் உங்கள் சொந்தப் பயணம்.

மூன்று. வாகனம் வாங்கிய விலையை அந்த வருடச் செலவாக எழுத முடியாது. சாதாரண மோட்டார் காருக்குத் தேய்மானம் கழிக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. ஓட்டோ, வான் வைத்திருக்கிறவர்கள் வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு இறைவரி அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். லீசிங்கில் எடுத்தவர்கள் மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதவேண்டாம். அதில் ஒரு பகுதி முதல், ஒரு பகுதி வட்டி. வட்டியில் நிலையத்தின் பங்குதான் செலவு.

நான்கு. பொலிசுக்குக் கட்டிய தண்டப்பணம் செலவு ஆகாது. தலைக்கவசம் போடாததற்குக் கட்டியதும், ஆள் கூட ஏற்றியதற்குக் கட்டியதும் உங்கள் சொந்தக் காசு.

வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் தொலைபேசியில் சொல்வதை அப்படியே இங்கே போடவேண்டாம். அமெரிக்காவில் 2025 இல் தொழிலுக்காக ஓடிய மைலுக்கு 70 சதம் என்று ஒரு நிலையான தொகையைக் கழிக்கலாம். பிரித்தானியாவில் சுயதொழில் செய்கிறவர் காருக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ் கழிக்கலாம். எங்கள் சட்டத்தில் அப்படி ஒரு மைல் கணக்கு இல்லை. உண்மையில் செலவழித்த காசு, அதற்கான பற்றுச்சீட்டு, அதில் நிலையத்தின் பங்கு, இவைதான் இங்கே வேண்டும். ஆனால் எங்கே இருந்தாலும் ஓடிய தூரத்தை எழுதிவைக்கவேண்டும் என்பது மட்டும் பொது.

வரியில் என்ன மிச்சம்?

நிலையம் வளர்ந்துவிட்டது என்று வைப்போம். வாகனச் செலவைத் தவிர மற்றச் செலவெல்லாம் போக மாதம் 1,60,000 ரூபா மிச்சம். வருடத்துக்கு 19 இலட்சத்து 20 ஆயிரம். 18 இலட்சத்துக்கு மேல் 1,20,000 நிற்கிறது. அதற்கு 6 வீதம் என்றால் வரி 7,200 ரூபா. வாகனச் செலவில் நிலையத்தின் பங்கு மாதம் 15,000 என்று கொப்பியும் பற்றுச்சீட்டும் காட்டினால், வருடத்துக்கு 1,80,000 கழியும். வருமானம் 17 இலட்சத்து 40 ஆயிரம். வரி இல்லை.

மிச்சம் 7,200 ரூபா, பெரிய காசு இல்லை. ஆனால் அதே கொப்பி இன்னும் இரண்டு வேலை செய்யும். வங்கியிலோ சிக்கன கடன் வழங்கு கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் கேட்கும்போது, "மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது?" என்று கேட்பார்கள். ஒரு வருடக் கொப்பி கையில் இருந்தால் பதில் இருக்கும். மற்றது, எவ்வளவு தவணை கட்ட உங்களால் முடியும் என்று உங்களுக்கே தெரியும். உண்மை உழைப்பு 14,000 ஆக இருக்க, 22,000 என்று நினைத்து மாதம் 15,000 தவணைக்கு ஒப்பமிட்டால் என்ன நடக்கும்? நுண்கடனில் எத்தனை குடும்பங்கள் நொந்துபோயின என்று இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொப்பியை எப்படி எழுதுவது?

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். அதை வாகனத்திலேயே வையுங்கள், பேனையைக் கட்டிவையுங்கள். ஒரு பக்கத்தில் கோடு கீறி இவற்றை எழுதுங்கள்: திகதி, எங்கே போனது, என்ன அலுவல், தொடங்கும்போது மீற்றர், முடியும்போது மீற்றர், ஓடிய கிலோமீற்றர், நிலையத்துக்கா வீட்டுக்கா. அன்றைய ஓட்டத்தை அன்றைக்கே எழுதுங்கள். மாத முடிவில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் அது கணக்கு இல்லை, ஊகம்.

மாதம் முதல் நாள் காலையிலும் கடைசி நாள் இரவிலும் மீற்றரைப் பார்த்து எழுதுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தத் தூரம். அது இல்லாமல் பங்கு போட முடியாது.

பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் போடுங்கள். பெற்றோல் செற்றில் தருகிற சீட்டு எங்கள் வெயிலுக்குக் கொஞ்ச நாளில் வெளிறி, எழுத்தே தெரியாமல் போய்விடும். ஆகவே தொகையை அன்றைக்கே கொப்பியில் எழுதி, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். சீட்டில் வாகன இலக்கத்தை எழுதுவியுங்கள். ஒழுங்கை முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் பில் தரமாட்டார். திகதி, வேலை, தொகை எழுதி அவரிடம் ஒரு கையொப்பம் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஐந்து வருடம் வையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீற்றர் வேலை செய்யாத பழைய மோட்டார் சைக்கிள் என்றால்? மீற்றர் உள்ள இன்னொரு வாகனத்தில் நீங்கள் வழக்கமாகப் போகிற ஒவ்வொரு பாதையையும் ஒருமுறை ஓடி அளவுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தத் தூரங்களை எழுதுங்கள். வீட்டுப் பயணங்களையும் விடாமல் எழுதினால்தான் மொத்தம் வரும். கூடிய சீக்கிரம் மீற்றரைத் திருத்துவது நல்லது.

ஒரே பயணத்தில் இரண்டு அலுவல் என்றால்? எதற்காக வெளிக்கிட்டீர்கள் என்று பாருங்கள். நிலையத்துக்கு மரக்கறி வாங்கச் சுன்னாகம் சந்தைக்குப் போய், வழியில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்தால் அது நிலையப் பயணம்தான். கீரிமலைக்குக் கோவிலுக்குப் போய், வரும் வழியில் பால்மா வாங்கினால் அது வீட்டுப் பயணம். உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அங்கிருந்து மற்றப் பிள்ளைகளை ஏற்றப் போனால், கூடுதலாக ஓடிய தூரத்தை மட்டும் நிலையத்தில் எழுதுங்கள்.

கணவர் அதே ஓட்டோவை வாடகைக்கும் ஓடுகிறார் என்றால்? அப்போது மூன்று பங்கு: வாடகை, நிலையம், வீடு. வாடகைப் பங்கு அவருடைய தொழிலின் செலவு. ஒரே பெற்றோலை அவருடைய கணக்கிலும் உங்கள் கணக்கிலும் எழுதக்கூடாது. நிலையம் அவருக்கு மாத வாடகை கொடுக்கிறது என்று வைத்தால், அது உங்களுக்குச் செலவு, அவருக்கு வருமானம். இரண்டு கொப்பியிலும் ஒரே தொகை இருக்கவேண்டும்.

வேறு ஒருவரின் ஓட்டோவைப் பிடிக்கிறோம் என்றால்? திகதி, எங்கிருந்து எங்கே, தொகை, ஓட்டோ இலக்கம் எழுதி ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

வாகனம் வாங்கச் சகோதரம் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு? அது நிலையத்தின் வரவு இல்லை. பிள்ளைகளின் கட்டணத்தோடு கலந்து எழுதவேண்டாம்.

சைக்கிள்தான் இருக்கிறது, எழுதலாமா? எழுதலாம். ரயர், ரியூப், செயின் மாற்றிய செலவில் நிலையத்தின் பங்கு செலவுதான்.

பிள்ளைகளை ஏற்றும்போது

கணக்கை விட முக்கியமான ஒன்று. சொந்தப் பாவனை என்று காப்புறுதி எடுத்த வாகனத்தில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால், விபத்து நடக்கும்போது காப்புறுதி கைவிடக்கூடும். உங்கள் காப்புறுதிக் கம்பனியில் என்ன பாவனை என்று சொல்லி, அதற்கேற்ற காப்புறுதியை எடுங்கள். கட்டணம் கூடினால் அதையும் கொப்பியில் எழுதிப் போக்குவரத்துக் காசில் சேருங்கள். ஒரு சுற்றை மிச்சம் பிடிக்க ஆள் கூட ஏற்றவேண்டாம்.

எங்கே போவது?

நிலையத்தின் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அங்கேயுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு, நிலையம் நடத்துவதற்கான பதிவைப் பற்றிக் கேளுங்கள். பிரதேச சபையில் உரிமக் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள். இவற்றுக்குப் போய்வருகிற தூரத்தையும் எழுதுங்கள்.

18 வயது நிரம்பியவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து, வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்கவேண்டும். எல்லாரும் ரின் நம்பர் என்று சொல்வது அதுதான். நம்பர் எடுத்தால் வரி கட்டவேண்டும் என்று பயப்படவேண்டாம். வருமானம் நிவாரணத்துக்கு மேலே போனால்தான் வருமான வரி. திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் மூலையில் வைக்காமல் பதில் கொடுங்கள். திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் உண்டு. தொலைபேசியில் கேட்க 1944 ஐ அழுத்துங்கள். தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நாளைக் காலை முதலாவது பிள்ளையை ஏற்றப் போகமுதல் மீற்றரைப் பார்த்து முதல் வரியை எழுதுங்கள். ஒரு மாதம் எழுதிவிட்டு, அந்தக் கொப்பியோடு எங்கள் கள உத்தியோகத்தரிடம் வாருங்கள். பங்கு பிரித்துக் கணக்குப் போட அவர் உதவி செய்வார்.